சோப்பு டப்பாவும் தாய்மாமன் சீரும்

கல்யாண வீடியோ எடுக்கிறவனுக்குத் தாலி கட்டுகிற ஐந்து நிமிஷம்தான் மரியாதை. மற்ற நேரமெல்லாம் அவன் வயரில் ஊருக்கே கால் தடுக்கும். எண்பதுகளின் கடைசியில் போடிநாயக்கனூரில் இந்தத் தொழிலில் கிடந்தவன் நான். கேமரா சுமந்து தோள் காய்த்துப்போன கூட்டாளிகளே, உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

சாம்பார் வாளி

எடிட்டிங் என்பது பேர்தான் பெரிசு. எடுத்த டேப்பை வாடகை வீடியோ டெக்கில் ஓடவிட்டு, கேமராவில் புது டேப் போட்டு, வேண்டிய இடம் வந்ததும் பொத்தானை அமுக்கிப் பதிவு செய்ய வேண்டும். வேண்டாத இடத்தில் மறுபடி அமுக்கி நிறுத்த வேண்டும். மூன்று மணி நேரம் கண்ணைச் சிமிட்டக்கூடாது. ஒருமுறை உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன், பந்தி பரிமாறியது முழுக்க உள்ளே போய்விட்டது. படம் பார்த்த பெண்ணின் அப்பா ரொம்பப் பொறுமையாகத்தான் கேட்டார்.

"ஏப்பா, எம்மகளவிட சாம்பார் வாளிக்குத்தான் நெறைய நேரம் குடுத்திருக்க போல?"

சோப்பு டப்பா

அந்த ரோஷத்தில்தான், எனக்குப் பதிலாகப் பொத்தானை அமுக்க ஒரு அடாப்டர் பிறந்தது. ஏலக்காய் வியாபாரி ஒருவர் வீட்டில், சிங்கப்பூர் சொந்தக்காரர் கொடுத்த சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடந்தது. டிவியில் சொருகி ஓட்டுவது. "ஏலக்காயத் தரம் பிரிக்கத் தெரியாத மிசினு, கொண்டு போ" என்று கொடுத்துவிட்டார். அதற்கு வினாடி எண்ணத் தெரியும். கேமராவின் பக்கவாட்டில் ரிமோட் வயருக்கென்று ஒரு ஓட்டை உண்டு. அதில் இரண்டு கம்பிகளைத் தொடவைத்தால் பதிவு தொடங்கும், இன்னொரு தடவை தொட்டால் நிற்கும். எண்ணுகிறவனுக்கும் ஓட்டைக்கும் நடுவே தொட்டுவிட ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ரேடியோ மெக்கானிக் செல்லப்பாண்டியும் நானும் பத்து நாள் உட்கார்ந்தோம். செத்த ஸ்டெபிலைசர் ஒன்றிலிருந்து, கரண்டு வந்தால் தானே தட்டிக்கொள்ளும் சுவிட்சான ரிலேயைக் கழற்றி, ஒரு சோப்பு டப்பாவுக்குள் வைத்துப் பற்றவைத்தோம். கம்ப்யூட்டரில் ஒரு எழுத்தைத் தட்டினால் டப்பாவுக்குள் 'டிக்' என்று சத்தம், கேமராவில் சிவப்பு விளக்கு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கேமரா மட்டும் என் மச்சினன் துபாயிலிருந்து கொண்டுவந்தது என்பதைச் செல்லப்பாண்டி மறக்கவில்லை.

"வயரு மாறிக் கேமரா பொகஞ்சுச்சுன்னு வையி, மச்சினன் வர்றதுக்குள்ள நீ போடிமெட்டு மலையத் தாண்டி ஓடிரு மாப்ளே."

மஞ்சள் பிள்ளையார்

கேமரா புகையவில்லை. அதைவிட மோசமானது நடந்தது. சிலமலை பேச்சியம்மாள் மகள் கல்யாணம். பேச்சியம்மாளுக்கும் அவள் அண்ணன் தவசிக்கும் வரப்புத் தகராறில் ஆறு வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த தவசி, கல்யாணத்துக்கு வருவாரா என்று ஊரே காத்திருந்தது. வந்தார். மேளத்தோடு, இருபத்தோரு தட்டுச் சீரோடு, மருமகளுக்கு ஏலக்காய் மாலையோடு வந்தார். எல்லாவற்றையும் எடுத்தேன்.

டிவியில் ஓட்டிப் பார்த்து, முதல் காட்சியிலிருந்து எத்தனையாவது வினாடியில் எது வருகிறது என்று குறித்துக் கம்ப்யூட்டரில் அடித்தேன். சீருக்கு ஒன்றரை நிமிஷம். பிறகு டேப்பை ஆரம்பத்துக்குச் சுற்றி ஓடவிட்டு, டீ குடிக்கக் கிளம்பினேன். நம் தொழிலில் எந்த டேப்பையும் மஞ்சள் பிள்ளையாரை எடுத்துத்தானே தொடங்குவோம்? அன்று பத்தி கொளுத்துகிற வரைக்கும் கேமராவை அணைக்காமல் ஒன்றரை நிமிஷம் பிள்ளையாரையே எடுத்திருந்தேன். நான் வினாடி எண்ணிக் குறித்தது பிள்ளையாருக்குப் பிறகு வருகிற காட்சியிலிருந்து. கம்ப்யூட்டர் எண்ணியது பிள்ளையாரிலிருந்து, அதாவது ஒன்றரை நிமிஷம் முந்தி. திரும்பி வந்து தாலி கட்டுகிற இடத்தை மட்டும் பார்த்தேன். நீளமான காட்சி என்பதால் சரியாகவே இருந்தது. செல்லப்பாண்டி என் முதுகில் தட்டினான்.

"இனிமே ஒனக்கு என்ன சோலி? உக்காந்து டீ குடிக்கிறதுதான்."

செருப்பு வரைக்கும்

பேச்சியம்மாள் வீட்டில் படம் பார்க்கத் தவசியையும் வரவழைத்திருந்தார்கள். டிவி முன்னால் நடு இடம் அவருக்கு. பந்தல் வாசல் வந்தது. காலி வாசலில் மேளக்காரர்கள் நின்றார்கள், நின்றார்கள், நின்றுகொண்டே இருந்தார்கள். கடைசியில் தவசி செருப்பைக் கழற்றக் குனிந்தார். அடுத்த காட்சியில் மாப்பிள்ளை காபி குடித்துக்கொண்டிருந்தார். சீர் இல்லை, மாமன் இல்லை.

தவசி எழுந்து தங்கச்சியைப் பார்த்து, "என்னய வெட்டச் சொன்னது யாரு தாயி?" என்று மட்டும் கேட்டார். மிசின் செய்த தப்பு என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. சரியாகச் செருப்பு வரைக்கும் காட்டிவிட்டு வெட்டுகிற மிசினை யார்தான் நம்புவார்கள்? அவர் ஜீப் ஏறிப் போய்விட்டார். பேச்சியம்மாள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"படங் கெடக்கட்டும் அப்பு. ஆறு வருசங் கழிச்சு வந்த எங்கண்ணனத் திருப்பிக் கொண்டா."

ஒற்றைக் கண்

நல்லவேளை, எடுத்த டேப் அழியாமல் இருந்தது. மறுநாள் காலை வேலையாட்கள் போகிற ஜீப்பில் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு மெட்டு ஏறினேன். ஒவ்வொரு கொண்டைஊசி வளைவிலும் மச்சினன் ஞாபகம் வந்தது. தோட்டத்தில் டிவி ஏது? ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர் வாசலில் தவசியை உட்காரவைத்து, "அண்ணே, ஒரு கண்ணை மூடிக்கிட்டு இதுல பாருங்க" என்று கேமராவை அவர் தோளில் வைத்து, டேப்பை ஓட்டினேன். கேமராவில் கண் வைக்கிற குழலுக்குள் கறுப்பு வெள்ளையில், தீப்பெட்டி அளவில் படம் தெரியும்.

சீர் முழுசும் பார்த்தார். "திருப்பிப் போடு" என்றார். போட்டேன். மூன்றாவது முறையும் பார்த்துவிட்டுக் கேமராவை இறக்கி என் கையில் கொடுத்துவிட்டு, கீழே போகிற ஜீப்பை நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினார்.

"நா தட்டையே பாத்துட்டு நடந்திருக்கேம்ப்பா. எந்தங்கச்சி பந்தக்கால் பின்னால நின்னு அழுததப் பாக்கவே இல்லையே."

அடாப்டரை அதற்குப் பிறகும் வைத்திருந்தேன், ஆனால் சொன்னதை மட்டுமே செய்கிற கூட்டாளியை நம்பி டீ குடிக்கப் போகிறவன் முழுப்படத்தையும் ஒருதரம் தானே பார்த்துவிட்டுத்தான் வாடிக்கையாளர் வீட்டு வாசலை மிதிக்க வேண்டும்.