மட டயர்

…அது முழுப் பொய், பிள்ளை. கீழ் மாடிக்காரி சொல்வதை நம்பாதேயும். மகன் ஜீப்புக்குப் புது டயர் போட்டது உண்மை. நான் நடுரோட்டில் நின்று அழுது அடம்பிடித்து அவனைப் போட வைத்தேன் என்பதுதான் பொய். நடுரோட்டில் நிற்க என்னால் முடிந்திருந்தால் இந்தக் கதையே நடந்திராது. நான் இறங்க வழியில்லாமல் ஜீப்புக்குள் இருந்தேன். ஜீப்போ ஜாக்கியில் ஏறி அந்தரத்தில் நின்றது. இப்படி இரும், சொல்கிறேன். உழுந்து கிரைண்டரில் ஓடுகிறது, அரைபட நேரம் இருக்கிறது.

உம்முடைய வீட்டுக்காரர் எங்கள் ஜீப்பைப் பார்த்துக் காட்டுக்குப் போகிற சாமான் என்று சொன்னாராம். காடு! அது காலையில் வெள்ளவத்தையிலிருந்து புதுக்கடைக்குப் போகும். மகன் அங்கே ஒரு சட்டத்தரணியிடம் வேலை செய்கிறான். பின்னேரம் திரும்பி வரும். சனிக்கிழமை மரக்கறி வாங்கப் போகும். அது கண்ட ஒரே சேறு, போன வருஷம் நம் ஒழுங்கையில் குழாய் புதைக்கக் கிண்டினார்களே, அந்தச் சேறுதான். அன்றைக்கு மருமகள் என்னிடம் வந்து, "மாமி, உங்கட மகன்ர முகத்தைப் பாருங்கோ. சேறு கண்டிட்டார், இனி ரெண்டு நாளைக்குச் சண்டை இல்லை" என்றாள்.

வெள்ளிக்கிழமை மட்டும் அது என்னுடைய ஜீப். உமக்குத்தான் தெரியுமே, என் தங்கச்சி கொட்டாஞ்சேனையில் இருக்கிறாள். பாரிசவாதம் வந்த பிறகு அவளுக்கு வாய் ஒரு பக்கம் இழுத்துவிட்டது. அவள் கதைப்பது பெற்ற பிள்ளைகளுக்கே விளங்காது, எனக்கு மட்டும் விளங்கும். எப்படி என்று கேட்காதேயும். நான் சத்தத்தைக் கேட்பதில்லை, வாயைப் பார்ப்பேன், கையைப் பிடித்துக்கொள்வேன், விளங்கிவிடும். போனில் படம் பார்த்துக் கதைத்தும் பார்த்தோம். அந்தச் சின்னப் பெட்டிக்குள் அவள் "அ… அ…" என்றாள், நான் "என்னடி, என்னடி" என்றேன், இரண்டு பேரும் அழுததுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை நேரில் போய் இருந்துவிட்டால் சிரிப்பும் கும்மாளமும்தான். போன கிழமை தன் மருமகனின் தொந்தியைப் பற்றி அவள் ஒன்று சொன்னாள். அவர் பக்கத்திலேயே நின்று, "என்னவாம் மாமி, தண்ணி வேணுமாமோ?" என்று கேட்கிறார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஓம் தம்பி, தண்ணிதான்" என்று சொல்லிவிட்டேன்.

மற்ற ஆறு நாளும் நான் இந்த மூன்றாம் மாடியில்தான். காலை ஏழு மணிக்கு எல்லோரும் போய்விடுவார்கள். சும்மா சொல்லக் கூடாது, கிரில்லைப் பூட்டித் திறப்பை என் கையில்தான் தருவார்கள். திறப்பு இருந்து என்ன, முழங்கால் அல்லவா பூட்டிக் கிடக்கிறது. யன்னலைத் திறந்தால் எதிர் ஃப்ளட்டின் குசினி. இரண்டு கட்டிடத்துக்கும் நடுவில், சுருட்டிய பாயை நிமிர்த்தி வைத்த அகலத்துக்குக் கொஞ்சம் கடல். அந்தப் பாய்க்குள்ளால் ஒரு கப்பல் போனால் அன்றைக்கு எனக்குப் பெருநாள்.

ஓட்டோவில் போகலாமே என்பீர். ஓட்டோவில் குனிந்து, மடங்கி ஏற வேண்டும். என் முழங்கால் மடங்காது. ஒருமுறை ஏறிவிட்டு இறங்க முடியாமல், ஓட்டோக்காரனும் நம் வாசல் செக்கியூரிட்டியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தெடுத்தார்கள். பனங்கிழங்கு பிடுங்கினது மாதிரி! ஜீப் அப்படியில்லை, உயரம். மகன் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூல் வைப்பான். நான் ஸ்டூலில் ஏறி, அங்கிருந்து ஜீப்பின் படிக்கு ஏறி, கைபிடியைப் பிடித்து அப்படியே சீற்றில் சாய்ந்துவிடுவேன். ஸ்டூலுக்கும் படிக்கும் நடுவில் இருக்கிற உயரம்தான் என் கால் தூக்குகிற உயரம். அதற்கு மேல் நாலு விரல் கூடினால் கால் கேட்காது. உயரமான ஸ்டூல் வாங்கினால் என்ன என்று கேட்க வாயெடுக்கிறீர். அந்த ஸ்டூலில் ஏற இன்னொரு ஸ்டூல் வேண்டும், பிள்ளை.

ஸ்டூல் ஒன்று இங்கே கீழே வாசலில் இருக்கிறது, இன்னொன்று தங்கச்சி வீட்டு வாசலில். நடுவழியில் எங்கேயும் இறங்குவது எங்கள் நினைப்பிலேயே இல்லை. அதை மனதில் வைத்திரும்.

இப்படி இருக்க, டயர் தேய்ந்துவிட்டது. தேய்ந்தது என்றால், மகனின் உச்சந்தலை மாதிரி. ஒரு மழை நாள் பம்பலப்பிட்டியில் சிவப்பு லைட்டுக்குப் பிரேக் பிடிக்க, ஜீப் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் மயிரிழையில் நின்றதாம். அதன் பிறகு வீட்டில் இதே கதைதான். தேத்தண்ணிக்கு இருந்தாலும் டயர், சாப்பிட இருந்தாலும் டயர். பேத்தி போனில் பார்த்துப் பார்த்துச் சொல்லுவாள். மூன்று வகையாம். ஒன்று தார் ரோட்டுக்கு, வழவழவென்று இருக்கும். ஒன்று கட்டை கட்டையாகப் பல்லு வைத்தது, அதற்குப் பேர் ஓஃப் ரோட் டயராம். மூன்றாவது இரண்டுக்கும் நடுவானது.

மகனுக்குப் பல்லு வைத்ததில்தான் கண். அதிலும் ஒரு சைஸ் பெரிசு வேண்டுமாம்.

"அப்பா, அது தார் ரோட்டில உறுமுமாம்" என்றாள் பேத்தி. "கெதியாத் தேயுமாம். ரோட்டு ஈரமா இருந்தா நல்லாப் பிடிக்காதாம். எண்ணெயும் கூடக் குடிக்குமாம்."

"வில்பத்துக் காட்டுக்குப் போகேக்க அதுதான் வேணும்."

"எப்ப போறீங்கள்?" என்று குசினிக்குள்ளிருந்து மருமகள் கேட்டாள்.

"போகத்தான் போறன்."

"கலியாணம் கட்டின நாள் தொடக்கம் போறீங்கள். இன்னும் புத்தளம் தாண்டேல்லை."

எல்லோரும் சிரித்தோம். சிரிப்புக்கு நடுவில் நான் சும்மா கேட்பது போலக் கேட்டேன். "அதைப் போட்டா எவ்வளவு உயரும், மோனை?"

"ரெண்டு அங்குலம் உயருமம்மா. ராசா மாதிரி நிக்கும்!"

நான் எழுதப் படிக்கத் தெரியாதவள், ஆனால் அங்குலம் தெரியும். இரண்டு அங்குலம் என்றால் மூன்று விரல். தேய்ந்தது போய்ப் புதுசு வந்தால் இன்னும் ஒரு விரல். நாலு. சேலைத் தலைப்புக்குள் கையை வைத்து இரண்டுமுறை பார்த்தேன், நாலுதான்.

சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் அவன் என்ன சொல்வான்? "அப்ப நீங்கள் வீட்டில இருங்கோ அம்மா, சித்தியோட போனில கதைக்கலாம்தானே." கோபத்தில் சொல்ல மாட்டான், அன்பாகத்தான் சொல்வான். அன்பாகச் சொன்னால் அதற்குப் பிறகு நான் வாய் திறக்க முடியாது. அதனால் பேசாமல் இருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை தங்கச்சி வீட்டிலிருந்து திரும்பும்போது மகன் வெள்ளவத்தைப் பக்கம் திருப்பவில்லை. தெமட்டகொடையில் ஒரு டயர் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான்.

"அம்மா, நீங்கள் இருங்கோ. கனநேரம் செல்லாது" என்றான்.

இருக்காமல் வேறு என்ன செய்வது? ஸ்டூல்தான் இல்லையே. கண்ணாடியை இறக்கிவிட்டு ரப்பர் மணத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். முதலாளி சிங்களவர், நல்ல மனிசன், உள்ளே மேசையில் இருந்தார். வேலையாள் என் வயதுக்குக் கொஞ்சம் குறைந்தவர், கை முழங்கை வரைக்கும் கறுப்பு. மகன் பல்லு டயரில் ஒன்றும் வழவழ டயரில் ஒன்றும் எடுப்பித்து, ஜீப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, இரண்டையும் தடவித் தடவிப் பார்த்தான். பெண் பார்க்கப் போன அன்றைக்குக்கூட அவன் அப்படிப் பார்க்கவில்லை. முடிவு எடுக்க முடியவில்லை. "வந்து சொல்லுறன்" என்று முதலாளியிடம் சிங்களத்தில் சொன்னானாம்; பிறகு எனக்குத் தேத்தண்ணியும் வடையும் வாங்க எதிர்க்கடைக்குப் போனான்.

அந்த வேலையாள் அதைக் கேட்கவில்லைப்போல. ஜாக்கியைக் கொண்டுவந்து வைத்து அடித்தார். என் பக்கம் மெல்ல மெல்ல மேலே கிளம்பியது. நான் கைபிடியை இறுக்கிப் பிடித்தேன். கதவைத் திறந்தால் கிணறு பார்ப்பது மாதிரி இருந்தது. பழைய டயர் இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டு அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மே, மட டயர்த? பார டயர்த?"

எனக்குத் தெரிந்த சிங்களம் மீன்காரரிடம் படித்தது. கீயத, ஹரி, எபா. எவ்வளவு, சரி, வேண்டாம். இந்த மூன்றும் இருந்தால் மீன் வாங்கலாம். டயர் வாங்க ஏலாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மட டயரா என்று கேட்கிறார்! எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது, பிள்ளை. மடையன் போடுகிற டயர், மடத்தனமான டயர். கடைக்காரருக்கே அது தெரிந்திருக்கிறது, என் மகனுக்கு மட்டும் தெரியவில்லை. நான் பல்லு டயரைக் காட்டி, தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். "ஓம் ஓம், அது மட டயர்தான்! சரியான மட டயர்!"

"ஹரி, ஹரி" என்றார். பிறகு வழவழ டயரைக் காட்டி, "பார டயர்?" என்றார்.

பார டயர். பாரம் கூடினதாக்கும் என்று நினைத்தேன். பாரம் கூடினால் ஜீப் இழுக்காதே. மெல்லிசாக, உயரம் குறைவாக வேறு ஒன்று தாரும் என்று கேட்கத்தான் எனக்கு ஆசை, அதற்குச் சிங்களம் இல்லை. அதனால், "பார எபா, எபா!" என்று இரண்டு கையையும் விரித்தேன்.

அவர் சிரித்துக்கொண்டு போய்ப் பல்லு டயர் இரண்டை உருட்டிக்கொண்டு வந்தார். நான் "எபா, எபா" என்று மேலேயிருந்து கத்துகிறேன். அவரோ வழவழ டயரைத் தள்ளித் தள்ளி வைத்து, "ஹரி அம்மே, எபா, எபா" என்கிறார். ஆணி இறுக்குகிற மெஷின் கட கட என்று அடிக்க என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. மேலே இருந்தபடி, என் கதவு பூட்டுப்படுவதை நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகன் வடையோடு வந்தான். வேலையாள் அவனிடம் ஏதோ சொல்லி என்னைக் கைகாட்டினார். மகனின் முகம் அப்படியே மலர்ந்தது.

"அம்மா! நீங்களோ ஓஃப் ரோட் டயர் போடச் சொன்னீங்கள்?"

"நான் மட டயர் எண்டெல்லோ சொன்னனான்!"

"அதுதானம்மா! சிங்களத்தில மட எண்டாச் சேறு. சேத்து டயர். பார எண்டா ரோட்டு." அவன் கண் கலங்கிவிட்டது, பிள்ளை. "எனக்கு ஆசை எண்டு தெரிஞ்சுதான் சொன்னீங்கள், என்ன? வீட்டில ஒருத்தருக்கும் விளங்கேல்லை, உங்களுக்கு விளங்கியிருக்கு."

ஜாக்கியில் ஏற்றியது பத்தாதென்று வாயையும் கட்டிவிட்டான்.

ஜீப்பை இறக்கினார்கள். "இறங்கி ஒருக்காப் பாருங்கோ, என்ன வடிவு!" என்று கதவைத் திறந்தான். நான் படியில் இருந்துகொண்டு காலை நீட்டினேன். கால் கீழே, கீழே போனது. ஒன்றும் தட்டுப்படவில்லை. செருப்பு கழன்று விழுந்தது, விழுந்த சத்தம் பிந்தித்தான் வந்தது.

"ஸ்டூல் இல்லைத்தானே அம்மா, அதுதான்" என்றான்.

"ஸ்டூல் இருந்தாலும் எட்டாது, மோனை." நான் நாலு விரலைக் காட்டினேன். "இவ்வளவு கூடிப்போச்சு."

அவன் குனிந்து, என் பாதத்துக்குக் கீழே ஸ்டூல் நிற்கிற உயரத்தில் ஒரு கையை வைத்தான். மற்றக் கையால் விரல் வைத்துப் பார்த்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. குனிந்தபடியே கேட்டான்.

"ஏன் முதலே சொல்லேல்லை?"

"சொன்னா வீட்டில இருங்கோ எண்டு சொல்லுவாய்."

அவன் செருப்பை எடுத்து மண் தட்டி என் காலில் போட்டான். பிறகு உள்ளே திரும்பி முதலாளியிடம் பெரிய சத்தமாக ஏதோ சொன்னான். அதில் எனக்கு விளங்கினது ஒரே ஒரு சொல். எபா.

என்னை இறக்கிய விதத்தைக் கேளும். கடையில் கிடந்த பழைய டயரில் இரண்டை அடுக்கி, பக்கத்தில் ஒற்றை டயர் வைத்து, மூன்று ஆம்பிளைகள் எனக்குப் படிக்கட்டுக் கட்டினார்கள். கோயில் தேரில் இருந்து சாமி இறங்குவது மாதிரி இறங்கி, முதலாளியின் கதிரையிலேயே இருந்து வடை சாப்பிட்டேன். முதலாளிக்குத் தமிழும் கொஞ்சம் வந்தது. அதை முதலே சொல்லியிருக்கலாம் மனிசன்! ரோட்டில்தானே கூடுதலாக ஓடுகிறது, மழை ஊர், நடுவான வகையைப் பழைய சைஸிலேயே போடுங்கள், பல்லும் இருக்கும், உறுமாது என்றார். மகன் ஒத்துக்கொண்டான். பக்கவாட்டில் வெள்ளை எழுத்துத் தெரிகிற மாதிரிப் போடச் சொன்னான். அந்த ஆசையாவது இருக்கட்டும்.

இப்போது ஒரு விரல்தான் கூடுதல். கால் முனகும், ஆனால் ஏறிவிடும். நம் வெள்ளவத்தைக் காலி வீதித் தார் அதையும் தேய்த்துத் தந்துவிடும். ஜீப்பின் பின்பக்கத்தில் மூன்றாவது ஸ்டூல் ஒன்றும் கிடக்கிறது, நீலம். போன வெள்ளி தங்கச்சியிடம் கதை முழுக்கச் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்து, வாய் கோணினபடியே, "ம… ட" என்றாள். அதை எல்லோரும் விளங்கிக்கொண்டார்கள், அதுதான் அதிசயம். பேத்தி இப்போது என்னைக் கூப்பிடுவதே மட டயர் அப்பம்மா என்றுதான். கீழ் மாடிக்காரிக்கு இதைத்தான் நீர்…

பொறும், பொறும். கிரைண்டர் உறுமுகிறது, கேட்கிறதா? அந்தப் பல்லு டயர் இப்படித்தான் உறுமியிருக்கும். மா இறுகிவிட்டது. தண்ணி விடாவிட்டால் கல்லு நின்றுவிடும். அந்தக் கையை ஒருக்காத் தாரும், எழும்ப.