கர்ப்பக் கல்

கமலாவதி எந்தக் கருங்கல்லைக் கண்டாலும் கையால் அள்ளி ஒரு சிரங்கைத் தண்ணீர் விட்டுப் பார்ப்பாள். கலியாணமாகி அளவெட்டிக்கு வந்த காலந்தொட்டு உள்ள பழக்கம். புருஷன் கதிரவேலு கோயில்களுக்குக் கல் பொளிகிறவர். வன்னியிலிருந்து லொறியில் வரும் கல், காய்ந்திருக்கும்போது வெறும் சாம்பல் நிறம். நனைந்தால்தான் அதன் வரியும் மறுவும் வெளியே வரும்.

போன வருடம் அவள் தனக்கென்று ஒரு கல் கேட்டாள். பிள்ளை இல்லாத வீடு. அம்மன் கோயில் வாசலுக்குப் புதுப் படி வைக்க இருந்தார்கள். அதைத் தான் கொடுத்தால், தனக்குப் பிறகும் ஊரார் தொட்டுக் கும்பிட ஒன்று இருக்கும் என்று நினைத்தாள். கதிரவேலு நல்ல கல்லாகப் பார்த்தெடுத்து மூன்று பக்கமும் பொளிந்து முடித்தார். நாலாம் பக்கத்தில் அவள் தண்ணீர் விட்டபோது, உள்ளங்கை அகலத்தில் கறுப்பாக ஒரு திட்டுத் தெரிந்தது.

கல்வேலைக்காரர் அதைக் கர்ப்பம் என்பார்கள். உள்ளே தேரை இருக்குமாம். அந்தக் கல் கோயிலுக்கு ஆகாது.

வேலிக்கு அப்பால் நின்ற அடுத்த வீட்டுப் பராசக்தி வாயை அடக்கவில்லை. "பார் கமலம், கல்லுக்குக்கூட வயித்திலை தங்கியிருக்கு."

கமலாவதி வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

"அந்தப் பக்கத்தை மண்ணுக்கை விட்டு வைப்பம். ஆருக்குத் தெரியப் போகுது?" என்றார் கதிரவேலு, பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது.

"எனக்குத் தெரியுமே" என்றாள் அவள்.

அடுத்த கிழமை தனுசியா வந்தாள். பல்கலைக்கழகத்தில் பாறைகளைப் பற்றிப் படிப்பிக்கிறவள். குடாநாட்டில் எங்கே கிண்டினாலும் சுண்ணாம்புக்கல்தான் என்பதால், வன்னிக் கல்லின் உடைசல் பொறுக்கப் பட்டறைக்கு வருவாள். ஒதுக்கிவைத்த கல்லைக் கண்டதும் குந்திவிட்டாள்.

"அன்ரி, இன்னும் கொஞ்சம் தண்ணி விடுங்கோ."

திட்டுக்குள் மெல்லிய வரிகள் தெரிந்தன. விளிம்பில் அவை வெட்டுப்பட்டு நின்றன.

"உதுக்குள்ளை தேரையோ, பிள்ளை?"

"தேரை இல்லை அன்ரி, பழைய பாறை. ஆதியிலை பூமியின்ரை மேல்தோல் கறுத்தப் பாறைதான். அது கீழை தாழ்ந்து போய், சூட்டிலை கொஞ்சம் உருகி, உருகினதிலை பாரம் குறைஞ்சது மேலை வந்து இறுகிச்சுது. பாரம் குறைஞ்சபடியால் திரும்பத் தாழேல்லை. முதல் நிலங்கள் அப்பிடித்தான் உண்டானது. உந்தக் கல் அவ்வளவு பழசில்லை. ஆனால் இதுவும் உருகி வந்ததுதான். வரேக்கை உருகாத துண்டொண்டையும் பிடிச்சுக்கொண்டு வந்திருக்கு."

"அப்ப உள்ளுக்கை இருக்கிறது?"

"அதுதான் மூப்பு. வெளியிலை இருக்கிறது பிந்திப் பிறந்தது."

கமலாவதி திட்டைத் தடவினாள். "அப்ப பிள்ளையெல்லோ தாயைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்குது."

"ஓம், அப்பிடித்தான்."

"என்ன வயசிருக்கும்?"

"நூறு கோடி வருஷம் வரும். உள்ளுக்கை மணல் போலை, சிர்க்கோன் எண்ட கனிம மணியள் இருக்கும். அதுகளைப் பாத்தால்தான் சரியாச் சொல்லலாம். ஒரு சின்னத் துண்டு தருவீங்களோ?"

"கோயிலிலை உந்தக் கல்லை எடுப்பினமோ எண்டு கேட்டிட்டுச் சொல்லுறன்."

வீட்டு வாசலைத் தாண்டிக் கதைக்கக் கூச்சப்படுகிறவள், அன்றைக்குத் தனியாகப் போய்க் கோயில் ஐயரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீங்கள் சொல்லுறது நல்லாத்தான் இருக்கு அம்மா. ஆனால் மறு மறுதான்."

அவள் வீட்டுக்கு வந்து, துண்டை வெட்டிக் கொடுக்கச் சொன்னாள். கதிரவேலு திட்டின் ஓரத்தில் உளியை வைத்தார்.

வேலியில் மறுபடியும் பராசக்தி. "என்னடி, வயித்தைக் கீறி எடுத்தாச்சோ?"

"பிள்ளை இல்லையக்கா, தாய். உங்களைவிடக் கொஞ்சம் மூப்பு" என்றாள் கமலாவதி.

கதிரவேலு சிரித்ததில் உளி வழுக்கியது.

கோயில் வாசலில் இப்போது வேறு கல் இருக்கிறது. கமலாவதியின் கல் கிணற்றடியில், திட்டு மேலே தெரியக் கிடக்கிறது. அதில்தான் அவள் உடுப்புத் தோய்க்கிறாள். தனுசியாவிடமிருந்து வயது இன்னும் வரவில்லை.