வரிசையில் வைத்த செருப்பு

கிகுயோ என்ற பெயரை நான் முதலில் கேட்டது, என் மாமா மகன் தொகுசோவுக்குப் பெண் பேசி முடித்த அன்று. "கருவாட்டுக்காரர் வீட்டுப் பொண்ணு. கை சும்மா இருக்காது, எதையாச்சும் ஒழுங்கு பண்ணிட்டே இருக்கும்" என்றார் மாமா. சரிதான். கல்யாணத்தன்று, விருந்தாளிகள் கழற்றிப் போட்ட செருப்புகளை மணக்கோலத்தோடு குனிந்து ஜோடி சேர்த்தவள் அவள்.

இப்போது அவளும் என்னைப் போல எழுபதைத் தாண்டிவிட்டாள். எங்கள் ஊர்க் கோட்டையில் செர்ரி பூத்துவிட்டால் காலையிலேயே வந்துவிடுவாள். மரத்தடிகளில் நீல விரிப்புப் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் நடுவே குடையை ஊன்றி நடப்பாள். விரிப்போரம் கிடக்கும் செருப்புகளைக் குடை நுனியால் காட்டி, "இது யாரோடது?" என்பாள். உடையவர் கை தூக்கும்வரை நகரமாட்டாள். சாக்கே மது தலைக்கேறிய ஆபீஸ் பையன்கள் விடுவார்களா? "பாட்டி, ரெண்டுக்கும் ஜோடிப் பொருத்தம் எப்படி?" என்பான் ஒருவன். அவள் சிரிக்கமாட்டாள். "கையத் தூக்குடா."

பல காலம் முன்பு, தொகுசோவின் கடைசல் பட்டறையை மூடிய வருஷம் அது. பூப்பார்க்கக் கோட்டையின் கிழக்கு அகழிப் பக்கம் எங்கள் குடும்பம் உட்கார்ந்திருந்தது. இதோ வருகிறேன் என்று தொகுசோ எழுந்து போனான். கொஞ்ச நேரம் கழித்து, அவன் ஷூ இரண்டும் அகழிக் கரையில் தண்ணீரைப் பார்த்து ஒழுங்காக இருந்ததைக் கிகுயோ கண்டாள். சாகத் துணிந்தவர்கள் எங்கள் பக்கம் அப்படித்தான் கழற்றி வைப்பார்கள். அது அவளுக்கும் தெரியும். பூப்பார்க்க வந்த இடத்தில் அந்த நினைப்பு யாருக்கு வரும்? "குடிச்சா விரிப்பு எங்க இருக்குன்னுகூடத் தெரியாது இந்த மனுஷனுக்கு" என்று சொல்லிக்கொண்டே, எடுத்து வந்து எங்கள் செருப்புகளோடு வரிசையில் வைத்தாள். அதற்கப்புறம் கரைப் பக்கம் யாரும் பார்க்கவில்லை. சாப்பிட்டோம். அகழியில் இதழ் உதிர்ந்து தண்ணீரே தெரியாமல் மூடிக் கிடந்தது. மறுநாள்தான் அவனை எடுத்தார்கள்.

இன்று காலை அதே கரையில் ஒரு ஜோடி வெள்ளைச் செருப்பு, பெண்பிள்ளை போடுவது. பக்கத்தில் விரிப்பே இல்லை. கிகுயோ குடையால் காட்ட, காவலாளி குனிந்தான். "யாரோ மறந்துட்டுப் போயிருக்காங்கம்மா. ஆபீஸ்ல வச்சிடறேன்."

"வெறுங்காலோட யாரு தம்பி வீட்டுக்குப் போவா? அதத் தொடாத. தண்ணியப் பாரு."

அவன் பார்த்தான். பிறகு ஓடினான்.

படகு வந்து இதழ்களை விலக்கித் தேடிக்கொண்டிருக்கிறது. கிகுயோ கரையில் அந்தச் செருப்புக்குப் பக்கத்தில், இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.