கிளாட்வினுக்காக ஒரு பூசை

அமலோற்பவம் அதிகம் பேசுகிறவள் அல்ல. இறால் கம்பெனியில் அவளோடு ஒரே மேசையில் நின்று இறால் உரிக்கிறவர்கள், வாயைத் திறக்கவே கூலி கேட்பாள் என்று கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவள் ஆண்டவரை மட்டும் ஒன்பது வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். தன் புருஷன் கிளாட்வின் மறுபடியும் கோயிலுக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

கிளாட்வின் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். மகன் செல்வின் பத்தொன்பது வயதில் காய்ச்சலில் விழுந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் பதினோரு நாள் ஜெபமாலையைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டாம் நாள் பையன் போய்விட்டான். அடக்கம் முடிந்து வந்ததும், இனி கோயில் படி ஏறமாட்டேன் என்றார். பூசையில் வாசிக்கிற இறந்தவர்கள் பட்டியலில் தன் மகன் பெயரை யாரும் வாசிக்கக் கூடாது என்றும் சொன்னார். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சே இல்லை.

அவள் அவரிடம் மல்லுக்கு நிற்கவில்லை. மாதாமாதம் முதல் வெள்ளிக்கு முந்தின நாள் கோயில் அலுவலகத்தில், பூசையில் வேண்டிக்கொள்ளச் சொல்லி ஒரு சீட்டு கொடுப்பாள்: கிளாட்வினுக்காக, மனைவி அமலோற்பவம். மறுநாள் காலைப் பூசையில் பங்குச் சாமி அதை வாசிப்பார். தெரிந்தவர்கள் யாரும் கிளாட்வினிடம் போய்ச் சொல்லத் துணியவில்லை. சில மாதம் உருகி ஜெபித்தாள், சில மாதம் கோபத்தோடு ஜெபித்தாள். ஒரு மழைக்காலம் முழுக்க மனசே இல்லாமல், பல் தேய்ப்பதைப் போலச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வெட்கம். என்னைக் கேட்டால் அந்தச் சீட்டுகள்தான் உசத்தி.

இந்த வருடம் புதிய கோயில்பிள்ளையாக ரெக்சன் வந்தார். பீடத்தைக் கவனிப்பதோடு சீட்டுகளை நோட்டில் ஏற்றுவதும் அவர் வேலை. வந்த சுறுசுறுப்பில் பழைய நோட்டுகளைப் புரட்டினார். ஒன்பது வருடமாக ஒரே பெயர், மாதம் தவறாமல், பெண்டாட்டி கொடுத்தது. உயிரோடு இருக்கிற புருஷனுக்கு எவள் இத்தனை பூசை கொடுப்பாள்? பழைய ஆள் பக்கம் மாற்றி எழுதியிருக்கிறார் என்று முடிவு செய்து, இந்த மாதச் சீட்டு வந்ததும் பெயரை இறந்தவர்கள் பக்கத்தில் ஏற்றிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை வெளியூர்ச் சாமி ஒருவர் பூசை வைத்தார். நோட்டில் இருந்ததை அப்படியே வாசித்தார். கிளாட்வினின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று, கோபுரத்தில் புதிதாகக் கட்டியிருந்த ஒலிபெருக்கி கடற்கரை வரைக்கும் சொன்னது.

அமலோற்பவம் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். இரவு ஷிப்டுக்குப் போனவர் இன்னும் வீடு திரும்பவில்லை. துறைமுகத்தில் ஏதோ நடந்து, செய்தி தன்னைத் தாண்டிக் கோயிலுக்கு வந்துவிட்டதோ என்று நினைத்தாள். ஒன்பது வருடமாகக் கேட்டதை அந்த நொடியில் கைவிட்டாள். கோயிலுக்கு வராவிட்டால் போகிறது ஆண்டவரே, ஆள் உயிரோடு இருந்தால் போதும்.

காணிக்கைப் பாட்டு நடக்கும்போது கிளாட்வின் உள்ளே வந்தார். வேலை முடிந்து கடற்கரை டீக்கடையில் நின்றவர், தன் சாவுச் செய்தியைத் தானே கேட்டுவிட்டு ஹெல்மெட்டும் கையுமாக வந்திருந்தார். நேரே அவள் பெஞ்சுக்கு வந்து குனிந்தார்.

"ஏளா, நான் செத்தா போயிட்டேன்?"

அவள் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் அவர் கோபம் எங்கோ போய்விட்டது. பூசை முடிகிற வரைக்கும் அவரால் அதை உதற முடியவில்லை. வெளியே வந்தபிறகு அவள் சீட்டு விவரம் முழுவதையும் சொன்னாள். அவர் ஹெல்மெட்டைப் படியில் வைத்தார்.

"ஒம்பது வருசமாக் கேட்டும் ஒண்ணும் நடக்கலியேன்னு ஒனக்குத் தோணலையா?"

"தோணிச்சு. தோணுன மாசமும் எழுதிக் குடுத்தேன்."

அதற்குள் ரெக்சன் நோட்டோடு ஓடி வந்தார். ஆயிரம் மன்னிப்புக் கேட்டார், பெயரை இப்போதே உயிரோடு இருக்கிறவர்கள் பக்கத்துக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னார். கிளாட்வின் நோட்டை வாங்கி அந்தப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"எம்பேர அடிச்சிருங்க. அந்த எடத்துல செல்வின்னு எழுதுங்க. எம்மவன். நாளைக்குக் காலப் பூசைக்கு, நானும் வாரேன்."

அமலோற்பவம் கோயில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடக்கத்துக்குப் பிறகு மகனுக்காக அவள் வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான்.