பெரிய வியாழன் அன்று கழற்றிய சாக்ஸ்

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்ன அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஏதோ திருட்டுக் கேஸில் மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று என்னைக் கேட்டார்.

"ஏம்புள்ள, நான் குடிக்கறனா? பீடி சிகரெட்டு உண்டா? எனக்கெதுக்கு இது வரோணும்?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஒரு காலத்தில் அவர் ஆடாத ஆட்டம் இல்லை. சிங்காநல்லூர் பக்கம் பம்ப்செட் கம்பெனியில் வேலை. சம்பள நாளன்று நேராகச் சாராயக் கடைக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவார். கன்னத்துக்குள் எந்நேரமும் புகையிலை. எங்கள் சபைக்கு வந்து ஞானஸ்நானம் எடுத்தவர், சரீரம் தேவனுடைய ஆலயம் என்று பாஸ்டர் பிரசங்கித்ததைக் கேட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விட்டார். காப்பி, டீகூட வேண்டாம் என்றார். கல்யாண வீட்டில் யாராவது பீடா நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல், நிறையப் பெருமை.

அப்படிப்பட்டவருக்கு இந்த வியாதி பெரிய அவமானமாகிவிட்டது. வெள்ளையடித்து வைத்த சுவரில் யாரோ சாணியை அடித்துவிட்டுப் போன மாதிரி நொந்துபோனார். மாத்திரையைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுதான் விழுங்குவார். நான் பார்த்துவிடக் கூடாதாம். மாத்திரையை எடுத்துக் கையில் கொடுப்பதே நான்தான்.

சில மாதம் கழித்துச் சபையில் உபவாச ஜெபம் நடந்தது. அதற்கு அடுத்த ஞாயிறு, சாட்சி சொல்லும் நேரத்தில் இவர் எழுந்து நின்றார். "கர்த்தர் என்னையத் தொட்டுட்டாருங்க. இனி எனக்குச் சுகர் இல்லீங்க" என்றார். சபை மொத்தமும் அல்லேலூயா என்றது. பாஸ்டரும் சொன்னார். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தேன். "டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டுச் சொல்லியிருக்கலாமுங்க."

"டெஸ்ட் எடுத்துப் பாத்தா அப்பறம் அது விசுவாசமா?"

"கர்த்தர் சொகம் குடுத்திருந்தா ரத்தத்துலயும் தெரியோணுமில்லீங்க? அவரு என்ன ஒளிச்சு வெச்சா குடுப்பாரு?"

சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். மாத்திரை அன்றோடு நின்றது. எங்கள் சபையில் சாட்சி என்பது பத்திரம் பதிந்த மாதிரி. நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டால் சொன்னதுதான், திரும்ப வாங்க முடியாது. நான் கெஞ்சினேன், திட்டினேன், மாத்திரையைப் பொடி பண்ணிச் சட்டினியில் கலந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். தைரியம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் புது ஷூ கொடுத்தார்கள். அது காலைக் கடித்திருக்கிறது. சர்க்கரை ஏறிய காலில் வலி தெரியாது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். கல்யாணமான நாளிலிருந்து கைக்குட்டையைக்கூடத் துவைக்காத மனுஷன், திடீரென்று தன் சாக்ஸைத் தானே துவைத்துக் கொல்லைப்புறத்தில் காயப்போட ஆரம்பித்தார். நான் வீட்டிலேயே இட்லி மாவு ஆட்டி விற்கிறவள். மாவு வாங்க வந்த பக்கத்து வீட்டம்மாவிடம் இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். வீட்டுக்குள் ஒரு வாடை மட்டும் வந்துகொண்டே இருந்தது. மாவு புளித்துவிட்டதோ என்று குண்டான் குண்டானாக மோந்து பார்த்தேன். மாவில் ஒரு குறையும் இல்லை.

பெரிய வியாழன் வந்தது. எங்கள் சபையில் அன்று சாயங்காலம் அப்பமும் ரசமும் எடுக்கும் திருவிருந்துக்கு முன்னால் ஒருவர் காலை ஒருவர் கழுவுவது வழக்கம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பேசினும் துண்டும் இருக்கும். சபைக்குள் எல்லோரும் வெறுங்காலோடுதான் இருப்போம். இவர் மட்டும் சாக்ஸோடு வந்து உட்கார்ந்தார். ஏன் என்று கேட்டால் தரை குளிருதாம். பங்குனி வெயிலில் கோயமுத்தூரே வெந்துகொண்டிருந்தது.

அவர் முறை வந்ததும் பக்கத்தில் இருந்தவரிடம், "எனக்கு வேண்டாமுங்க, உங்களுக்கு நான் கழுவறேன்" என்று நழுவப் பார்த்தார். பாஸ்டர் அதைக் கவனித்துவிட்டார். அவரே பேசினைத் தூக்கிக்கொண்டு வந்து இவர் முன்னால் முழங்கால் போட்டார்.

"அன்னைக்கு இயேசு காலைக் கழுவ வந்தப்ப ஒரு சீஷர் வேண்டாம்னு அடம் புடிச்சாரில்லீங்க, அவராட்டப் பண்ணாதீங்க பிரதர்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பெண்கள் பக்கத்திலிருந்து சிரித்தேன்.

பாஸ்டர் சாக்ஸை இழுத்தார். வரவில்லை. தண்ணீரை அள்ளி ஊற்றி நனைத்து, மெதுவாக உரித்தார். முன்னால் இருந்த ஆண்களின் முகம் மாறியது. ஒருவர் துண்டால் மூக்கைப் பொத்தினார். வாடை எங்கள் பக்கமும் வந்தது. அது மாவு வாடை இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பெண்கள் எழுந்து ஆண்கள் பக்கம் போகும் பழக்கம் எங்கள் சபையில் கிடையாது. நான் போனேன். சுண்டு விரலுக்கு அடியில் ஒரு குழி, அதைச் சுற்றிலும் கறுப்பு.

"இத்தனை நாளா இதைத்தான் மறைச்சுட்டு இருந்தீங்களா? உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதா?" என்று சபை என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன்.

அவர் தலையைக் குனிந்தபடியே சொன்னார். "சாட்சி சொல்லிப்போட்டேனே. இப்பப் போயிச் சொன்னா கர்த்தரோட பேரு கெட்டுப்போயிருமேன்னுதான்."

பாஸ்டர் அந்தக் காலைக் கையிலிருந்து விடாமல் வைத்திருந்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "அவரு பேரை அவரு பாத்துக்குவாரு பிரதர். அன்னைக்கு நானும் அல்லேலூயா சொன்னேன், ஒரு வார்த்தை விசாரிக்கலை. எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார். திருவிருந்தை மூப்பர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, காலில் துண்டைச் சுற்றி, எங்களோடு ஆட்டோவில் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. புண்ணைக் கிளறிப் பார்த்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நாளைக்குக் காலைல புண்ணைத் தெறந்து பாத்தாத்தானுங்க தெரியும். விரலோட நின்னிருந்தாத் தப்பிச்சோம். பாதத்து எலும்புக்குள்ள போயிருந்தாக் காலை எடுக்கற மாதிரி வந்துருமுங்க" என்றார்.

அந்தக் கால் நின்று வேலை பார்த்துத்தான் பிள்ளைகள் படித்தார்கள். ஜெபம் பண்ணலாம் என்று உட்கார்ந்தால் ஜெபம் வரவில்லை, வசவுதான் வந்தது. அவரைத் திட்டினேன், அந்த ஷூவைத் திட்டினேன், கர்த்தரையும் விடவில்லை. உமக்காக எல்லாத்தையும் விட்ட மனுஷனை இப்படி விட்டுட்டீரே என்று கேட்டேன்.

மறுநாள் புனித வெள்ளி. காலையில் ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் என் கையைப் பிடித்தார். "கால் போயிருச்சுன்னா, இவன் ஏதோ பாவம் பண்ணியிருக்கறான்னு பேசுவாங்களா அம்மணி?"

இதுவா இப்போது கவலை என்று வந்தது எனக்கு. ஆனால் அவர் என் கையை விடவில்லை. "பேசறவங்க வாயில மாவை அள்ளி அப்பிப்போடறேன். நீங்க தைரியமாப் போயிட்டு வாங்க" என்றேன். சிரித்துவிட்டார். கதவைச் சாத்தினார்கள்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. டாக்டர் வந்து முகமூடியைக் கழற்றினார். "பாதம் தப்பிச்சுதுங்கம்மா. சுண்டு விரலை மட்டும் எடுத்துட்டோம். இன்னும் பத்து நாள் உட்டிருந்தீங்கன்னா என்ற கையில ஒன்னுமில்லீங்க."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த ஆட்டுக்கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. சபையில் ஆராதனை நடுவே இருந்த பாஸ்டருக்குப் போன் போட்டேன். "பாதம் தப்பிச்சுருச்சுங்க பாஸ்டர்" என்றதும் அவர் அப்படியே திரும்பி ஜனங்களிடம் சொன்னது போனில் கேட்டது. கர்த்தரை வாய்க்கு வந்தபடி கேட்டதற்கு அந்தத் தரையிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அவர் கோவித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். மாத்திரை தவறக் கூடாது, தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், புண் ஆறும் வரை முழங்கால் போடவே கூடாது. முதல் இரண்டுக்கும் தலையாட்டினார். மூன்றாவதுதான் அவருக்கு இடித்தது. விடியலில் கட்டில் ஓரமாக முழங்காலில் நின்று ஜெபம் பண்ணாமல் அவர் நாளைத் தொடங்கியதே இல்லை.

வந்து சில நாள் இருக்கும். காலையில் மாவு வாளியோடு உள்ளே வந்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து, கட்டுப் போடாத காலைத் தூக்கித் தொடைமேல் வைத்து, சவரக் கண்ணாடியை உள்ளங்காலுக்கு நேராகப் பிடித்திருந்தார். விரல் இடுக்கு ஒவ்வொன்றாக விரித்து, தடவி, பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பொறுமையாக அவர் எதையும் பார்த்து நான் கண்டதில்லை.

"ஏனுங்க, இன்னைக்கு ஜெபம் பண்ணலீங்களா?" என்றேன்.

அவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதைத்தான் புள்ள பண்ணிட்டு இருக்கறேன்."

ஏதாவது குத்தலாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஆமென்" என்றுதான் வந்தது.