நாலு எண்ணிக்கை மௌனம்

பியானோ என்ற ஒன்றை மனிதர்கள் முக்கி முனகிச் செய்து முடித்ததே, பின்னால் ஒருநாள் அத்தை வந்து அதன் முன்னால் உட்காருவாள் என்பதற்காகத்தான். அதற்கு முன் வாசித்த அத்தனை பேரும் அவளுக்காகத் தூசி தட்டி வைத்தவர்கள். அத்தை இடது கையை வைத்தால் தெருவிளக்குகள் தானாக எரியும். வலது கையையும் சேர்த்துவிட்டால் கோர்ட்டில் இருபது வருடமாக இழுக்கிற வழக்குகள் சமாதானமாகிவிடும். நம்பாதவர்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நூலக மாடிக்கு வந்து பார்த்திருக்கலாம். நாற்காலிகள் நூறு போட்டிருந்தார்கள். வந்தவர்கள் முப்பத்தோரு பேர்.

மற்ற ஆறு நாளும் அத்தைக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. ஈரப் படுக்கை விரிப்பின் இரண்டு மூலைகளையும் பிடித்து, சுடச்சுட உருளும் இயந்திரத்துக்குள் கோணாமல் செலுத்த வேண்டும். கோணினால் மேற்பார்வைக்காரர் வாயிலேயே இஸ்திரி போடுவார். ஒருமுறை இடது கை மோதிர விரலும் விரிப்போடு சேர்ந்து உள்ளே போகப் பார்த்தது. விரல் பிழைத்துக்கொண்டது, உணர்ச்சி பிழைக்கவில்லை. அன்றிலிருந்து அந்த விரல் பியானோக் கட்டையை அமுக்கியதா இல்லையா என்பதைக் காதால் கேட்டுத்தான் அவள் தெரிந்துகொண்டாள்.

அவள் பியானோ கற்றது, அவள் அம்மா கூட்டிப் பெருக்கிய இசைப்பள்ளியில். அம்மா ஓர் அறையைக் கூட்டி முடிக்கும் நேரம்தான் வாசிக்கக் கிடைக்கும். அதனால் பதினாறு வயதுவரை எந்தப் பாட்டுக்கும் முடிவு எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

தம்பி அவளைவிட ஒன்பது வயது சின்னவன். கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்டறையில் வேலை. முகமூடி போட்டால் கண்ணாடி மங்குகிறது என்று அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே பதினெட்டு வருடம் பெயிண்ட் அடித்தான். மாலையில் அதே நுரையீரலை வைத்துக்கொண்டு சாக்ஸபோன் ஊதினான். நுரையீரல் எத்தனை நாளைக்குத்தான் இரண்டு ஷிப்ட் பார்க்கும்?

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஊதுறத நிறுத்திடுங்க."

"நிறுத்தினா எவ்வளவு நாள் கூடக் கிடைக்கும் சார்?"

டாக்டர் படத்தைத் திரும்ப உறைக்குள் போட்டார்.

இரண்டு பேர் மட்டும் வாசிக்கிற ஜாஸில் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. டிரம்ஸ் இருந்தால் தப்பை அதன் தலையில் கட்டிவிடலாம். பியானோவும் சாக்ஸபோனும் மட்டும் என்றால், ஊதுகிறவனுக்கு மூச்சு எங்கே தீர்கிறதோ அங்கே ஒரு ஓட்டை விழும், அது ஊருக்கே தெரியும். அத்தை அந்த ஓட்டைகளை அடைக்கக் கற்றுக்கொண்டாள். கண் அவன் தோள்மீது இருக்கும். தோள் ஏறினால் காற்றுக்குத் தவிக்கிறான் என்று அர்த்தம். உடனே அவள் விரல்கள் ஓடிப்போய் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். கேட்பவர்கள் இந்தப் பொம்பளைக்கு எவ்வளவு அவசரம் என்று நினைத்தார்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டாள். இப்படியே இரண்டு வருடம் ஓடியது.

தம்பி சொந்தமாக ஒரே ஒரு பாட்டு அமைத்திருந்தான். மெதுவான பாட்டு. அதன் நடுவில் ஓர் இடத்தில் அவன் சாக்ஸபோனை உதட்டிலிருந்து எடுத்துவிடுவான், அவள் கட்டைகளிலிருந்து கையை எடுத்துவிடுவாள். நாலு எண்ணும்வரை சத்தமே இருக்காது. "அந்த நாலுதான்க்கா பாட்டு. மத்ததெல்லாம் அதச் சுத்திப் போட்ட வேலி" என்பான். கடைசி மூன்று மாத ஒத்திகையில் சரியாக அங்கேதான் இருமல் வந்தது. அத்தை அதையும் அடைத்தாள்.

நூலக மாடிக் கச்சேரிக்கு மூன்று நாள் முன்னால் சாக்ஸபோனைத் துடைத்துக்கொண்டே தம்பி சொன்னான்: "ஞாயித்துக்கிழம இத நான் முழுசா வாசிக்கப்போறேன். நடுவுல வந்து தாங்காதக்கா."

"நான் எங்கடா தாங்குறேன்?"

"தாங்குற. சக்கர நாற்காலி தள்ற மாதிரி பின்னாடியே வர்ற."

"தள்ளலைன்னா குப்புற விழுவ."

"விழுந்தா விழறேன். ஒரே ஒரு தடவ. அப்புறம் வாசிக்கவா போறேன்?"

அத்தை சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

ஞாயிறு காலையிலிருந்து அவன் பேசவே இல்லை. மூச்சை மிச்சம் பிடித்தான். தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் காகிதத்தில் எழுதிக் காட்டினான். "இவ்வளவு நல்ல பிள்ளையா நீ சின்ன வயசுல இருந்திருக்கலாம்" என்றாள் அத்தை. அதற்கும் ஏதோ எழுதினான். அந்தக் காகிதத்தை அவள் யாருக்கும் காட்டவில்லை.

முதல் நாலு பாட்டுகளும் குறையில்லாமல் போயின. ஐந்தாவது அவனுடைய பாட்டு. ஒரு வருடமாக அவனால் முடியாத நீளத்துக்கு ஒரே மூச்சில் வாசித்தான். அந்த இடம் வந்தது. சாக்ஸபோனை இறக்கினான். அவள் கையை எடுத்தாள். ஒன்று. இரண்டு. இருமல் இல்லை. ஆனால் அவன் தோள் மெல்ல ஏறியது. அடுத்த வரிக்காக அவன் நிதானமாகக் காற்றை நிரப்பிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். அதற்குள் அவள் இடது கை, யாரையும் கேட்காமல், கட்டைகள்மேல் இறங்கிவிட்டது.

நல்ல சத்தம்தான். எங்கும் பிசகவில்லை. முப்பத்தோரு பேரில் ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

தம்பி அவளைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. வேலையைவிட்டு நிற்கிறவன் பட்டறைச் சாவியைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி, சாக்ஸபோனை நாற்காலிமேல் வைத்துவிட்டு, வலது பக்கக் கதவு வழியாக வெளியே போனான்.

அத்தை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவன் எழுந்து போனது எல்லாருக்கும் தெரிந்துவிடும். அவனுடைய வரிகளை வலது கையால் வாசித்தாள். இதுவும் பாட்டில் உள்ளதுதான் என்று சனங்கள் நம்பும்வரை வாசித்தாள். இடது கையில் உணர்ச்சியில்லாத விரல் இரண்டு முறை வழுக்கியது.

கடைசி வரிக்குச் சற்று முன்னால், இடது பக்கத் திரையை விலக்கிக்கொண்டு தம்பி வந்தான். சாக்ஸபோனை எடுத்தான். ஒரே ஒரு சுரம் ஊதினான். அத்தை இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். அந்தச் சுரம் தானாக ஓய்ந்து அடங்கும்வரை அவள் கட்டைப் பக்கம் போகவில்லை. இருமலும் வரவில்லை.

பத்தொன்பதாம் நாள், அத்தை வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில், மூன்றாம் மாடியில், காலை பத்து மணிக்குத் தம்பி போய்விட்டான். சலவைக்கூடத்துக்கு எந்த மாடியின் விரிப்பு எது என்று தெரியாது, எல்லாம் ஒரே வண்டியில்தான் வரும். நாலாம் நாள் வேலைக்குத் திரும்பியவள் அன்றைக்கு அறுநூறு விரிப்புகளை இயந்திரத்துக்குள் விட்டாள். ஒன்றுகூடக் கோணவில்லை. மேற்பார்வைக்காரர் வந்து நின்று பார்த்துவிட்டு, அடுத்த இயந்திரத்தைப் பார்க்கப் போனார்.

நான் இதுவரை எழுதிய காகிதங்களை அத்தை சமையலறை மேசைமேல் வைத்து, மூக்குக்கண்ணாடியை நுனிக்குத் தள்ளிக்கொண்டு படித்தாள். ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

"இங்க வாடி. வந்தான்னு எழுதியிருக்க?"

"வந்தாரே அத்தை."

"நீ எங்க உக்காந்திருந்த?"

"முதல் வரிசையில."

"எந்தப் பக்கமா வந்தான்?"

"இடது பக்கம். அதான் எழுதியிருக்கேன்ல."

அத்தை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"இடது பக்கம் பியானோவ சுவத்தோட ஒட்டிப் போட்டிருந்தாங்க. அங்க திரையும் கிடையாது, கதவும் கிடையாது. சுவத்துக்குள்ள இருந்தாடி வந்தான் உங்கப்பன்?"