பாவுக்கு அடியில் போன ஸ்ட்ரெச்சர்

ஆஸ்பத்திரி வேனில் உதவியாள் வேலை கிடைத்த புதிதில் ஜெயவேல் வீட்டில் யாரையும் சும்மா இருக்க விட்டதில்லை. வேலூருக்குப் போய் முதலுதவிப் பயிற்சி முடித்துவிட்டு வந்திருந்தான். கற்றது மறந்துவிடக் கூடாதென்று அக்கா அபிதகுசாம்பாளை உட்காரவைத்து, இல்லாத எலும்பு முறிவுக்கெல்லாம் தப்பை வைத்துக் கட்டுவான். அடுப்பில் சோறு பொங்கி வழியும்.

"அவுத்து விடுடா, சோறு கொழையுது" என்பாள் அவள்.

"ஒடிஞ்ச கையால யாராச்சும் பானைய எறக்குவாங்களா? அசையாம இரு, யக்கா."

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுப் பட்டு நூல் சுற்றப் போனவள் அவள். காலையில் தறிக்குப் போகும் நீள இழைகளைத் தெருவில் பாவாக நீட்டினால் அதற்கும் கூலிக்குப் போவாள். தம்பியின் காக்கிச் சட்டையை மட்டும் வேறு யாரையும் துவைக்க விடமாட்டாள். காலர் மடிப்பு கலையாமல் தேய்த்து, ஆணியில் மாட்டி, ஒரு தடவை தள்ளி நின்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள்.

எழுபதுகளின் கடைசி அது. சுற்று வட்டாரத்துக்கே அந்த ஒரு வெள்ளை வேன்தான். தேசூரிலிருந்து சைக்கிளில் ஆள் வந்து சொன்னாலும் கிளம்பும், பெரணமல்லூர் தபாலாபீசிலிருந்து போன் வந்தாலும் கிளம்பும். டிரைவர் சடையனுக்கு ஜெயவேலின் ஒழுங்கு ஒரே பேஜார். ஆக்ஸிஜன் சிலிண்டரின் சாவி கொக்கியில் தொங்குகிறதா, பஞ்சும் துணிச்சுருளும் போதுமா, ஸ்ட்ரெச்சரின் வார் இற்றுப் போயிருக்கிறதா என்று அவன் தொட்டுப் பார்த்து முடிக்கிற வரையில் வண்டி நகராது. "பொண்ணு பாக்கப் போறவன்கூட இத்தினி தடவ சீவிக்க மாட்டான்" என்பான் சடையன். வேனில் ஏறியவர்களின் பேரை முதலில் கேட்டுவைத்துக்கொண்டு, வேலூர் போய்ச் சேரும் வரை அந்தப் பேரைச் சொல்லிப் பேசியபடியே வருவான் ஜெயவேல். மயங்கிக் கிடந்தாலும் விடமாட்டான்.

தம்பியைப் பற்றி யார் கேட்டாலும் அபிதகுசாம்பாள் முதலில் சொல்வது முனியம்மாவின் கதையைத்தான்.

அன்று காலை நெசவாளி முருகேசனின் பாவுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டுப் பாவு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, இடுப்பு உயரத்தில், பெருக்கல் குறி போலக் கட்டிய கழிகளின்மேல் நீண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகத்தான் இடம் இருக்கும். தெருவைக் கடக்க வேண்டியவர்கள் குனிந்து பாவுக்கு அடியில் நுழைந்து போவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், கூடைக்காரி, மாப்பிள்ளை வீட்டார், யாராக இருந்தாலும் அப்படித்தான். பாவு நீட்டிய தெருவில் குனியாமல் யாரும் போனதில்லை.

எதிர்ச் சந்தில் குடியிருந்த ராமதாசின் மனைவி முனியம்மா நிறைமாதம். வலி எடுப்பதற்கு முன்பே உதிரம் போக ஆரம்பித்திருந்தது. யாரோ ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பாவு கிடக்கும்போது வேன் பெரிய ரோட்டுப் பக்கம்தான் வந்து நிற்கும் என்பது வீட்டாருக்குத் தெரியும். ஆகவே அவர்கள் செய்யக் கூடாததைச் செய்தார்கள். இரண்டு பக்கமும் கையைப் பிடித்து அவளை நடத்திக்கொண்டு வந்து, பாவின் ஓரத்தில் நிறுத்தி, குனியச் சொன்னார்கள். அவள் புடவை கணுக்கால் வரை நனைந்திருந்தது. குனிந்தே பழகிய தெரு. அதில் தப்பு இருப்பதாக ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்போதுதான் ஜெயவேல், சடையனோடு ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு, ரோட்டை ஒட்டிய இந்தப் பக்கம் வந்து சேர்ந்தான்.

"குனிய வெக்காதீங்க. அப்பிடியே கீழ படுக்க வையுங்க" என்றான்.

அவன் மட்டும் பாவுக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போனான். அவளை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, பேர் கேட்டு, கம்பளி போர்த்தினான். தண்ணீர் கொடுக்க வந்த சொம்பைத் தள்ளி வைத்தான். பிறகு எழுந்து பாவைப் பார்த்தான். ஸ்ட்ரெச்சர் சாயாமல் இந்தப் பக்கம் வர வேண்டுமென்றால் பாவு மேலே போக வேண்டும்.

முருகேசன் குறுக்கே வந்து நின்றார். நல்ல மனிதர்தான். ஆனால் கஞ்சி ஈரம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரத்தில் அசைத்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முகூர்த்தப் புடவைகளுக்கான பாவு. அவர் குடும்பத்துக்கு அடுத்த சில மாதங்களின் சாப்பாடே அதுதான். வெயில் ஏறிவிட்டது, கொஞ்சம் காயட்டும், அதற்குள் என்ன ஆகிவிடும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தெருவில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். அபிதகுசாம்பாள் கையில் கஞ்சி தடவும் பிரஷோடு நின்றாள். ஒரு பக்கம் கூலி கொடுக்கிறவர், ஒரு பக்கம் தம்பி.

ஜெயவேல் குரலை உயர்த்தவில்லை.

"அண்ணே, காயற வரைக்கும் இந்தம்மா தாங்காதுங்க. நாங்க தூக்கினா பாவு கெட்டுடும். நீங்க தூக்கிக் குடுங்க."

முருகேசன் முனியம்மாவைப் பார்த்தார். பிறகு பாவைப் பார்த்தார். அவர் யோசிப்பதற்குள் அபிதகுசாம்பாள் பிரஷைக் கீழே வைத்துவிட்டுத் தன் பக்கத்துக் கழியைப் பிடித்துவிட்டாள்.

"கழியோட தூக்குங்க. ஒருத்தரும் நூலைத் தொடாதீங்க. ஜல்தி" என்றார் முருகேசன்.

தெருவே கழிகளுக்கு அடியில் கை கொடுத்தது. பாவு தோளுக்கு வந்தது, தலைக்கு மேல் போனது. முனியம்மாவை ஏற்றிய ஸ்ட்ரெச்சரை ஜெயவேலும் சடையனும் தாழ்த்திப் பிடித்து, சாயாமல், முழங்கால் மடித்து நடந்தார்கள். கஞ்சி ஜெயவேலின் காக்கிச் சட்டையில் கோடு கோடாக இறங்கியது. "முனியம்மா, கண்ண மூடாத. முனியம்மா, வேலூரு கிட்டதான்" என்று அவன் சொல்லிக்கொண்டே போனது மட்டும்தான் தெருவில் கேட்டது.

மாலையில் அவன் வந்து அக்காவிடம் சொன்னான். முனியம்மா பிழைத்துக்கொண்டாள். குழந்தை இல்லை.

மறுநாள் முருகேசன் ஒட்டிக்கொண்ட இழைகளைத் தறிப்பக்கம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தபோது, தலை நிமிராமல் அபிதகுசாம்பாளிடம் கேட்டார்.

"நா காயட்டும்னு சொல்லி நின்னுகினு இருந்தேனே, அதனாலயாம்மா?"

அவள் அதைத் தம்பியிடம் கொண்டுபோனாள். மனிதர் சாப்பிடாமல் கிடக்கிறார், இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடேன் என்று கெஞ்சிப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது யக்கா. டாக்டருக்கே தெரியல. தெரியாதத நா எப்படிச் சொல்றது?"

அவளும் அதை அப்படியே போய்ச் சொன்னாள். முருகேசன் தலையாட்டிவிட்டு அடுத்த இழையைப் பிரித்தார்.

எண்பதுகள் பிறந்த பிறகு முனியம்மா மறுபடியும் உண்டானாள். ஒருநாள் முருகேசன் சந்துக்குள் போய் ராமதாசின் வாசலில் நின்று எந்த மாதம் என்று கேட்டுவிட்டு வந்தார். ஆண்பிள்ளை கேட்கிற கேள்வியா என்று பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. அந்த மாதம் பிறந்ததிலிருந்து தன் பாவைப் பக்கத்துத் தெருவுக்குக் கொண்டுபோய் நீட்டினார். மற்றவர்களையும் அப்படியே செய்யச் சொன்னார். பிறகு எந்தத் தெருவில் பாவு நீட்டுவதானாலும் அங்கே நிறைமாதக்காரி இருக்கிறாளா என்று கேட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. ஜெயவேலும் தெருத் தெருவாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.

முனியம்மாவுக்கு வலி எடுத்த அன்று காலையில் பக்கத்துத் தெருவில் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். பாவின் ஒரு பக்கம் முருகேசன், மறுபக்கம் அபிதகுசாம்பாள். வேனின் மணி கேட்டது. எல்லோர் கையும் நின்றுவிட்டது. வேன் நேரே சந்து வாசல் வரைக்கும் போவதும், கதவு சாத்துவதும், மணி மறுபடி கிளம்பி வேலூர் ரோட்டுப் பக்கம் எங்கும் நிற்காமல் தேய்ந்து போவதும் அங்கிருந்தே கேட்டது.

"போயிட்டாங்கம்மா" என்றார் முருகேசன். பிறகு பிரஷைக் கஞ்சியில் தோய்த்தார்.